ஸ்டோரிவீவர்: சிறார் கதை எழுதப் பழகுபவருக்கு எவ்வளவு உதவும்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பேரப்பிள்ளைக்குச் சொன்ன கதை காற்றோடு போய்விடக் கூடாதே என்று நினைக்கும் தாத்தா பாட்டிகள். இவர்களில் பாதிப் பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, ‘எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?’ என்பதைத்தான். எங்கே பழகலாம் என்று யாரும் கேட்பதில்லை. பழகுவதற்குக் காசில்லாமல் கிடைக்கும் இடங்களில் ஸ்டோரிவீவர் இணையதளத்தை முதலில் வைக்கலாம். அங்கே எதைச் செய்யலாம், எதை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்த மதிப்பீடு.

பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் லாப நோக்கமில்லாத பதிப்பகம். 2004இல் தொடங்கியது. அது 2015 செப்டம்பரில் திறந்துவிட்டதுதான் ஸ்டோரிவீவர். படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம், பிடிஎஃப்பாக இறக்கலாம், வேறு மொழிக்கு மாற்றலாம், அங்கேயே உள்ள படங்களை எடுத்துப் புதுக்கதை கட்டி வெளியிடலாம். தமிழ்க் கதைகள் தாராளமாக இருக்கின்றன. எழுதுவதற்குக் கணக்கு தொடங்க வேண்டும், அதற்கும் பணமில்லை. கைபேசியில் படிப்பது சுலபம். கதை கட்டுவதற்குக் கணினி இருந்தால்தான் கை ஓடும். படத்தை மாற்றுவதும், எழுத்து இடத்துக்குள் அடங்கியதா என்று பார்ப்பதும் சின்னத் திரையில் சிரமம்.

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, நேராகப் போய் ‘புதுக்கதை’ பொத்தானை அழுத்துவது. அங்கே முதல் இரண்டு மாதம் மொழிபெயர்ப்பு மட்டும் செய்வதே நல்லது. மூலக்கதை ஒரு பக்கம், நாம் எழுதும் இடம் ஒரு பக்கம் என்று திரையில் அடுத்தடுத்து நிற்கும். தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு எழுதினார், எதை எழுதாமல் படத்துக்கு விட்டார், எந்த வரியில் பக்கத்தை முடித்தார் என்பதெல்லாம் விரல் வழியாக உள்ளே இறங்கும். நூறு கதையை வேகமாகப் படிப்பதைவிட ஐந்து கதையை மாற்றி எழுதுவது அதிகம் கற்றுத்தரும்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் தமிழ் ஆக்கங்களின் தரம் ஏறுக்குமாறாக இருக்கும். யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று கதவைத் திறந்துவைத்த இடத்தில் அது இயல்பு. பதிப்பகமே கொண்டுவந்த நூல்கள் ஒரு தரம், பொதுப் பயனர் ஏற்றியவை பல தரம். எந்த நூலை எடுத்தாலும் அட்டையில் வெளியிட்டவர் யார் என்று பார்த்துவிட்டு முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கலுக்கு ஒரு மாதிரி: ‘மீனா தன்னுடைய கைகளைத் தன்னுடைய இடுப்பின் மேல் வைத்தாள்.’ தமிழில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ‘மீனா இடுப்பில் கைவைத்தாள்’, முடிந்தது. ஒலிச்சொற்களிலும் இதே கதைதான். தண்ணீரில் விழுந்தால் ‘ஸ்பிளாஷ்’ என்று அப்படியே இறக்கிவைக்கிறார்கள். நமக்கு ‘தொபுக்கடீர்’ இருக்கிறது. இலை சலசலக்கிறது, எறும்பு குறுகுறுக்கிறது, பட்டாசு படபடக்கிறது. இரட்டைக்கிளவி மாதிரி ஒரு கருவி கையில் இருக்கும்போது அதைத் தொடாமல் சின்னப் பிள்ளைக்கு எழுதுவது உப்பில்லாமல் சமைப்பது போல. மொழிபெயர்ப்பில் ஒலி வரும் இடங்களை எல்லாம் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் புழங்கும் சொல்லைத் தேடி எடுங்கள். அந்தத் தாள் பிறகு சொந்தக் கதைக்கும் கைகொடுக்கும்.

இரண்டாவது படி, படங்களை வைத்துக் கதை செய்வது. இதில்தான் இந்தத் தளத்தின் பெரிய பலமும் பெரிய பொறியும் இருக்கின்றன. படக்களஞ்சியத்தில் ‘பெண்குழந்தை’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். ஆளுக்கொரு ஓவியரின் கை. இரண்டாம் பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட சிறுமி, மூன்றாம் பக்கத்தில் பாப் வெட்டிய சிறுமி, பெயர் மட்டும் இருவருக்கும் கயல். பெரியவர் பொறுத்துக்கொள்வார். நான்கு வயதுப் பிள்ளை ‘இது யாரு?’ என்று கேட்டு அங்கேயே நின்றுவிடும், கதை அதோடு சரி. அதனால் ஒரே ஓவியர் ஒரே நூலுக்கு வரைந்த படங்களிலிருந்து எட்டு முதல் பத்து மட்டும் எடுங்கள். அவற்றைத் தாளில் அச்செடுத்து வெட்டி, தரையில் பரப்பி, மூலக்கதையை மறந்துவிட்டு வேறு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஓடும் படத்தை முதலில் வைத்தால் ‘ஏன் ஓடுகிறாள்?’ என்ற கேள்வி எழும், கதையும் அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கும். கடைசியில் வைத்தால் ஓட்டமே முடிவாகிவிடும். மூன்று விதமாக அடுக்கி மூன்று கதை எழுதிவிட்டு, எதில் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை துடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் காட்சிகளை எல்லாம் களஞ்சியத்தில் எதிர்பார்க்க முடியாது. பாறை மேல் பாறை அடுக்கிய காட்பாடி மலைகளையும், வேலூர்க் கோட்டை அகழியையும், பேரணாம்பட்டுச் சாலையோரப் புளியமரங்களையும் யாராவது வரைந்து ஏற்றினால்தான் உண்டு. சொந்தமாக வரைந்ததை ஏற்றலாம். கூகுளில் எடுத்த படத்தையோ, நாள்காட்டியில் வந்த படத்தையோ கைபேசியில் சுட்டு ஏற்றுவது தவறு, அது வேறொருவர் உழைப்பு.

மூன்றாவது விஷயம், வாசிப்பு நிலை. தமிழில் எழுதுபவர் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். ஸ்டோரிவீவர் கதைகளை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலைக்கு 250 முதல் 600 வரை, மூன்றாம் நிலைக்கு 600 முதல் 1500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை. எல்லா மொழிக்கும் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் தமிழுக்குச் சொல்லெண்ணிக்கை சரியான அளவுகோல் கிடையாது. ஆங்கிலத்தில் மூன்று சின்னச் சொல்லாக நிற்பது தமிழில் ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லாகி, 14 எழுத்தாக நீளும். கணக்குப்படி அது ஒன்றுதான். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது ஒரு மலை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். வறண்ட பாலாற்றில் ஊற்றுத் தோண்டும் காட்சி. ஆரம்ப எழுத்தாளர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்:

‘கொளுத்தும் கோடை வெயிலில் வறண்டு கிடந்த பாலாற்றின் பரந்த மணற்பரப்பில், ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்த தேனு, ஊற்றுத் தோண்டுவதற்காக உட்கார்ந்துகொண்டிருந்தாள்.’

இதையே மூன்று பக்கமாகப் பிரித்தால்:

முதல் பக்கம்: ‘தேனு மணலைத் தோண்டினாள். ஒரு சாண். இரண்டு சாண். மணல்தான்.’

அடுத்த பக்கம்: ‘ஆயாவும் தோண்டினாள். மூன்று சாண். “தேனு, தொட்டுப் பாரு!”’

அதற்கடுத்த பக்கம்: ‘ஈரம்!’

எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் சொற்கள் 16தான். தளத்தின் கணக்கில் இரண்டும் ஒரே எடை. ஆனால் முதலாவதில் கடைசிச் சொல் மட்டும் 13 எழுத்து. அந்த வினைக்கு வந்து சேரும்வரை பிள்ளை மற்ற 15 சொல்லையும் நினைவில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டாவதில் மிக நீளமான சொல்லே ஐந்து எழுத்து. வெயிலும் வறண்ட ஆறும் எங்கே போயின? படத்துக்குப் போயின. ஓவியர் மஞ்சள் வானத்தையும் மணலையும் வரையப் போகிறார், அதை வரியிலும் சொன்னால் ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னதாகும். அப்புறம் அந்த ‘ஈரம்’. முன்பக்கத்திலேயே சொல்லிவிட்டால் பக்கத்தைப் புரட்ட என்ன காரணம் இருக்கிறது? படக்கதையில் பக்கம் புரட்டுவதும் ஒரு நிறுத்தக்குறிதான். ஆச்சரியத்தை எப்போதும் அதற்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

ஆகவே முதல் நிலைக்கு எழுதும்போது 250 என்ற எல்லையை மறந்துவிட்டு வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்குள், சொல்லுக்கு ஐந்தாறு எழுத்துக்குள், வாக்கியத்துக்கு ஒரே வினை. ‘உட்கார்ந்துகொண்டிருந்தாள்’ என்பதை ‘உட்கார்ந்தாள்’ ஆக்கினால் 13 எழுத்து ஏழாகும், கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தமிழுக்கென்றே பிரித்த நிலைகளைப் பார்க்க விரும்பினால், பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்க நூல்களை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2023இல் தொடங்கிய அந்த வரிசையில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பெயரே சொல்லிவிடுகிறது. நுழை நூல் ஒன்றையும் ஓடு நூல் ஒன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், வாக்கியம் எங்கே நீளத் தொடங்குகிறது என்பது பிடிபடும்.

வட்டார வழக்கு பற்றிய கேள்வி நம் ஊர் எழுத்தாளர்களுக்குக் கட்டாயம் வரும். மேலே ‘ஆயா’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வடாற்காட்டில் பாட்டியை ஆயா என்பார்கள், வேறு ஊர்களில் அது பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் அம்மாளைக் குறிக்கும். மாற்ற வேண்டுமா? வேண்டாம். நரைத்த முடியும் பேத்தியின் கையும் படத்தில் இருந்தால் திருநெல்வேலிப் பிள்ளைக்கும் புரிந்துவிடும், ஒரு புதுச் சொல்லும் கிடைக்கும். அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடும் வீட்டுக் கதையில் நைனா என்றே இருக்கட்டும். உறவுச்சொல்லையும் பொருளின் பெயரையும் வட்டாரத்திலேயே வையுங்கள். வினைச்சொல்லில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘கீது’, ‘இன்னா’ என்பதைக் காதால் கேட்கும் பிள்ளைக்கு அது அமுதம். ஆனால் இப்போதுதான் ‘இருக்கிறது’ என்று எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை, இரண்டு வடிவத்துக்கும் நடுவே தடுமாறும். முதல் இரண்டு நிலையில் கதைசொல்லும் வரி எளிய எழுத்து நடையிலும், பேசும் வரி ‘பாரு’, ‘வாங்க’ அளவுக்கும் நின்றால் போதும். மூன்றாம் நிலைக்கு மேல் பேச்சைத் தாராளமாக அவிழ்த்துவிடலாம்.

எதை எழுதுவது? கோட்டையைப் பற்றி எழுத உட்காரும் எல்லோரும் 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்ப் புரட்சியில் தொடங்குகிறார்கள். பத்து வயதுக்கு மேல் அது அருமையான பொருள். ஐந்து வயதுக்கு அகழித் தண்ணீரும் அதில் தெரியும் மதிலின் நிழலும் போதும். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. செய்திக்கு அந்தக் குறியீடு முக்கியம், கதைக்கு அந்த முள் முக்கியம். ‘பறிக்கப் போனால் குத்துகிறது, குழம்பில் போட்டால் கரைகிறது’ என்ற முரண் ஒரு முழுப் படக்கதைக்குப் போதும். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986இலிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி மூன்றாம் நிலை அறிவியல் கதைக்கு நல்ல கரு. அதன் கண்ணாடி எவ்வளவு அகலம் என்று எண்ணில் சொல்லாமல், எத்தனை பிள்ளைகள் கைகோத்து நின்றால் அந்த அகலம் வரும் என்று அளந்து சொல்லுங்கள்.

இனி உரிமம். இதைப் படிக்காமலே பலர் வெளியிடும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். ஸ்டோரிவீவரில் வெளியாகும் கதை கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் போகிறது. யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைப் போட்டு அதை அச்சிடலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. பிள்ளைகளுக்குக் கதை போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவருக்கு இது பெரிய வாசல்: உங்கள் கதையை யாரோ இந்திக்கும் கன்னடத்துக்கும் கொண்டுபோக முடியும். ஆனால் பதிப்பகத்துக்கோ போட்டிக்கோ அனுப்ப வைத்திருக்கும் கதையை இங்கே ஏற்றாதீர்கள். ‘வேறெங்கும் வெளிவராதது’ என்ற விதி பல இடங்களில் இருக்கிறது, இணையத்தில் ஏறியதும் அந்தத் தகுதி போய்விடும். பழகும் கதை இங்கே, பாதுகாக்க வேண்டிய கதை நோட்டில் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

தட்டச்சில் நடக்கும் கோளாறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய கதையை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகும் ஔகாரம் வரும் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ‘கௌதாரி’ என்பது ‘கெளதாரி’ என்று கெ, ள என இரண்டு எழுத்தாகப் பிரிந்து கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. கைபேசியில் நேரடியாகத் தமிழில் அடிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. வல்லினம் மிகும் இடங்களைப் பார்த்துக்கொடுக்க ஒரு தமிழாசிரியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், புத்தகத்தில் பிழை இருந்தால் படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பிழையே சரியென்று பதிந்துவிடும்.

வெளியிடும் முன் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுப்பதுதான் உண்மையான திருத்தம். ஐந்து பிள்ளைகள் போதும், தனித்தனியாக. பிடிஎஃப்பை ஏ4 தாளில் இரண்டிரண்டு பக்கமாக அச்செடுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் என்றால் இரவுக் காட்சிப் படங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மை அப்பி எழுத்து மறைந்துவிடும். கடைசியில் எழுதியவர், வரைந்தவர் பெயரும் உரிமமும் வரும் பக்கத்தைச் செலவு மிச்சம் பிடிக்கக் கிழித்துவிடக் கூடாது, அந்தப் பெயர்களைப் போடுவதுதான் உரிமத்தின் முக்கிய நிபந்தனை. சிக்னல் எடுக்காத மலையூர்ப் பள்ளிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முன்தினமே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை படிக்கும்போது அதன் முகத்தைவிட விரலைப் பாருங்கள். விரல் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் அந்தச் சொல்லை மாற்றிவிட வேண்டியதுதான், எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும். ‘கதை எப்படி?’ என்று கேட்காதீர்கள், ‘நல்லாருக்கு’ என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடும். மறுநாள் போய், புத்தகமில்லாமல் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து பேரும் தாண்டிச் செல்லும் பக்கம் கதைக்குத் தேவையில்லாத பக்கம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த கதை அங்கேதான் இருக்கிறது.

இப்படி ஓர் ஆண்டு பழகிய பிறகு வெளியே அனுப்பத் தொடங்கலாம். அறிவியல் சார்ந்து எழுதுபவர் ‘துளிர்’ இதழைப் படித்து அதன் போக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளி மாணவர்களுக்காகக் கல்வித்துறை நடத்தும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இரண்டையும் ஆசிரியர்கள் கட்டாயம் புரட்ட வேண்டும். நம் பழைய வடாற்காட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. வந்தவாசியில் வாழும் மு. முருகேஷ் ஹைக்கூ கவிஞராக அறியப்பட்டவர், 2021இல் சாகித்ய அகாதெமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் பெற்றார். மூன்று வரிக்குள் ஒரு காட்சியை நிறுத்தும் பழக்கம் சிறார் எழுத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்று யோசித்துப் பாருங்கள். கவிதை எழுதிக்கொண்டிருப்பவர்கள் படக்கதைக்கு வரத் தயங்கவே வேண்டாம்.

மொத்தத்தில் மொழிபெயர்த்துப் பழகவும், பக்கம் பிரிக்கக் கற்கவும், வகுப்பறைக்கு உடனே ஒரு புத்தகம் தயாரிக்கவும் ஸ்டோரிவீவருக்குத் தாராளமாக ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். தமிழ் வாசிப்பு நிலைக்கு அதன் சொல்லெண்ணிக்கையை மட்டும் நம்பினால் இரண்டுதான். எழுதி வருமானம் பார்க்க நினைப்பவருக்கும், நாவல் அளவில் நீளமாக எழுதுபவருக்கும் இது இடமில்லை. தொடங்க நினைப்பவர் இந்த வாரமே கணக்கு தொடங்கி, பத்துப் பக்கத்துக்குள் அடங்கும் முதல் நிலைக் கதை ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒலிச்சொற்களை மட்டும் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கலாம்.